கோள்களின் இடப்பெயர்வு: கண்டவர் இல்லாத பயணத்துக்குச் சாட்சியாக நிற்கும் எண்கள்

9.114, 13.674, 20.519, 30.793, 41.059, 54.770.

எச்.டி. 110067 என்ற விண்மீனை ஆறு கோள்கள் சுற்றிவருகின்றன. அவை ஒவ்வொன்றும் தனது பாதையில் ஒரு தடவை சுற்றி முடிக்க எடுக்கும் நாட்களே மேலே உள்ள எண்கள். கைத்தொலைபேசியில் இருக்கும் கணிப்பானைத் திறந்து, ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.500, 1.501, 1.501, 1.333, 1.334 என்று விடைகள் வரும். முதல் மூன்றும் 3:2 என்ற விகிதம். கடைசி இரண்டும் 4:3. விண்மீனுக்கு மிக அருகில் உள்ள கோள் ஆறு தடவை சுற்றி முடிக்கும்போது, மிக வெளியே உள்ள கோள் ஏறக்குறைய ஒரு தடவை சுற்றி முடித்திருக்கும்.

பூமியிலிருந்து சுமார் 100 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ள இந்தக் குடும்பம் பற்றிய ஆய்வு 2023 நவம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபாயேல் லூக் அதற்குத் தலைமை தாங்கினார். நாசாவின் 'டெஸ்' விண்தொலைகாட்டியும் ஐரோப்பாவின் 'கெயொப்ஸ்' விண்தொலைகாட்டியும் முதலில் உறுதியாகக் காட்டியவை உள்ளே இருந்த மூன்று கோள்களை மட்டுமே. வெளியே மேலும் கோள்கள் இருப்பதற்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் அவற்றின் சுற்றுக்காலங்கள் தெரியவில்லை. மூன்று கோள்களுக்கிடையே இருந்த ஒழுங்கு அப்படியே வெளிப்புறமும் தொடர்ந்தால் அடுத்த மூன்றும் எத்தனை நாட்களில் சுற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தரவுகளைத் தேடினார்கள். பொருந்தின.

ஆறு கோள்கள் இப்படி வரிசையில் நிற்பது தற்செயலாக நடக்கக் கூடியதல்ல. அவை இப்போது இருக்கும் இடங்களில் தனித்தனியே உருவாகியிருந்தால் இந்த எண்கள் இவ்வளவு ஒழுங்காக அமைய வேண்டிய தேவையில்லை. எங்கிருந்தோ நகர்ந்து வந்து, வரும் வழியில் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டால்தான் இப்படி அமையும். அந்த நகர்வை வானியலாளர்கள் 'கோள் இடப்பெயர்வு' என்கிறார்கள். நமக்கு இந்தச் சொல் வேறு பாரத்தோடு வருவது. இங்கே அது ஒரு பௌதிகவியல் கலைச்சொல் மட்டுமே. இருந்தாலும், நேரில் கண்டவர் எவருமே இல்லாத ஒரு பயணத்தை எஞ்சியிருக்கும் தடயங்களை மட்டும் கொண்டு எப்படி நிறுவுகிறார்கள் என்பது அறியத்தக்கது.

பரிவு என்றால் என்ன?

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவு என்ற சொல் பழக்கமானது. இசைக்கவரை அடித்துப் பரிவுக் குழாயின் மேல் பிடித்தால், குழாயின் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் மட்டும் ஒலி பலமாகக் கேட்கும். ஊஞ்சலும் அப்படித்தான். அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளல்களே சேர்ந்து பெரிய ஆட்டமாகும். நேரம் தவறினால் ஒரு தள்ளல் மற்றதை அழித்துவிடும்.

கோள்களில் தள்ளுவது ஈர்ப்பு. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் இரண்டு பேர் மைதானத்தைச் சுற்றி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். உள்தடத்தில் ஓடுபவர் மூன்று சுற்று முடிக்கும்போது வெளித்தடத்தில் ஓடுபவர் சரியாக இரண்டு சுற்று முடிக்கிறார். அப்படியானால் முன்னவர் பின்னவரைக் கடந்து செல்லும் இடம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருக்கும். விகிதம் சற்று மாறினாலும் கடக்கும் இடம் மைதானம் முழுவதும் நகர்ந்துகொண்டே போகும்.

இரண்டு கோள்கள் மிக நெருங்கி வருவது இப்படிக் கடக்கும் வேளையில்தான். அப்போதுதான் ஒன்றின் ஈர்ப்பு மற்றதை அதிகமாக இழுக்கும். கடக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த இழுப்புகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் அவை கூடிக்கொண்டே போகும். சுற்றுக்காலங்கள் 2:1, 3:2, 4:3 போன்ற சிறிய முழு எண் விகிதத்துக்கு வரும்போது நடப்பது இதுவே. இதனைச் சுற்றுப்பாதைப் பரிவு என்கிறோம்.

வாயுவுக்குள் நடக்கும் நகர்வு

புதிதாகப் பிறந்த விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த பெரிய தட்டு ஒன்று சுழலும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா தொலைகாட்டி 2014இல் எச்.எல். டோரி என்ற இளம் விண்மீனின் தட்டைப் படம்பிடித்தது. தட்டில் வளைய வளையமாக இடைவெளிகள் இருந்தன. கோள்கள் உருவாவது இத்தகைய தட்டுகளில்தான். தட்டின் ஆயுள் குறுகியது. சில மில்லியன் ஆண்டுகளில் வாயு கலைந்துவிடும். இடப்பெயர்வின் முக்கிய பகுதி அந்தக் காலத்துக்குள் நடந்து முடிய வேண்டும்.

வாயுவுக்குள் சுற்றும் கோள் தன் ஈர்ப்பால் அந்த வாயுவில் அலைகளை எழுப்புகிறது. விண்மீனுக்கு அருகில் உள்ள வாயு கோளை விட வேகமாகச் சுற்றும். தூரத்தில் உள்ளது மெதுவாகச் சுற்றும். அதனால் அலைகள் சுருள் வடிவம் எடுக்கின்றன. உட்பக்கச் சுருள் கோளுக்கு முன்னால் நீளும். வெளிப்பக்கச் சுருள் கோளுக்குப் பின்னால் இழுபடும். முன்னால் உள்ளது கோளை முன்னோக்கி இழுக்கும், பின்னால் உள்ளது பின்னோக்கி இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் எதுவும் நடக்காது. ஆனால் பெரும்பாலான நிலைமைகளில் வெளிப்பக்கச் சுருளின் கை ஓங்குகிறது. கோள் தனது கோண உந்தத்தைச் சிறிது சிறிதாக இழந்து விண்மீனை நோக்கி உள்ளே நகர்கிறது.

இந்தக் கணக்கைப் பீற்றர் கோல்ட்ரைக், ஸ்கொட் டிரெமெய்ன் ஆகிய இருவரும் 1980இலேயே போட்டுக் காட்டினார்கள். அப்போது நமது ஞாயிற்றைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனைச் சுற்றும் கோளை அறிவித்தார்கள். வியாழனின் பாதியளவு திணிவுடைய அது தன் விண்மீனை 4.2 நாட்களில் சுற்றிவந்தது. அவ்வளவு பெரிய வாயுக்கோள் விண்மீனுக்கு அவ்வளவு அருகில் உருவாகியிருக்கும் என்று கருதுவது கடினம். அது தூரத்தில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்ற விளக்கம் அதன்பின்னரே பரவலாகக் கவனிக்கப்பட்டது. மேயரும் கெலோவும் 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

திணிவு கூடினால் கோளின் நகர்வும் வேகமாகும். ஆனால் வியாழனைப் போன்ற மிகப் பெரிய கோள் தன் பாதையில் உள்ள வாயுவை ஒதுக்கி இடைவெளி ஒன்றை உண்டாக்கிவிடுவதால், அதன் நகர்வு வேறு விதமானது. பொதுவாக அது மெதுவானதும்கூட. பூமியளவு கோளுக்கு உள்ளே விழ ஒரு மில்லியன் ஆண்டுகளுக்கும் குறைவான காலமே போதும். அப்படியானால் எல்லாக் கோள்களும் விண்மீனுக்குள் விழுந்து அழிந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். அவற்றைத் தடுக்கும் இடங்களில் ஒன்று தட்டின் உள் விளிம்பு. விண்மீனின் காந்தப்புலம் தட்டின் நடுப்பகுதியைத் துப்புரவாக்கி வைத்திருக்கும். அந்த விளிம்புக்கு வந்த கோளை உள்ளே இழுக்கும் விசை அங்கே எதிர்த்திசைக்கு மாறுவதால் அது அங்கேயே நின்றுவிடும்.

பிணைப்பு உருவாகும் விதம்

முதற்கோள் விளிம்பில் நிற்கிறது. பின்னால் இரண்டாவது கோள் நெருங்கி வருகிறது. இரண்டின் சுற்றுக்கால விகிதம் மெல்லக் குறைந்து வந்து 2:1 அல்லது 3:2 போன்ற ஒரு புள்ளியைத் தொடுகிறது. அந்தப் புள்ளியில் ஈர்ப்பு இழுப்புகள் ஒன்றுகூடத் தொடங்கும். நெருங்கி வருவது போதிய அளவு மெதுவாக இருந்தால், கோள்கள் அந்த விகிதத்தை விட்டு விலக முனையும் ஒவ்வொரு தடவையும் இழுப்புகள் அவற்றை மீண்டும் அதே விகிதத்துக்குக் கொண்டுவரும். கிண்ணத்தின் அடியில் உள்ள கோலிக்குண்டை எந்தப் பக்கம் தட்டினாலும் அடிக்கே திரும்புவது போல. அதன்பின் வெளிக்கோளை உள்ளே தள்ளும் விசை இரண்டுக்கும் பகிரப்படும். அவை விகிதம் மாறாமல் சேர்ந்தே நகரும் அல்லது சேர்ந்தே நிற்கும்.

மூன்றாவது கோள் வந்து இரண்டாவதோடு பிணையும். பின்னர் நான்காவது. இப்படி உருவாவது பரிவுச் சங்கிலி.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கோள்கள் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். விலகிச் செல்லும் கோள்கள் பரிவுப் புள்ளியைக் கடந்தாலும் அதில் பிணைவதில்லை. இரண்டாவது, வேகம் குறைவாக இருக்க வேண்டும். வேகமாக வரும் கோள் 2:1 என்ற புள்ளியைத் தாண்டிச் சென்று, இன்னும் நெருக்கமான 3:2 அல்லது 4:3 இல் பிடிபடும். ஆகவே எந்த விகிதத்தில் பிணைந்திருக்கின்றன என்பதே அவை எவ்வளவு வேகமாக வந்தன என்பதற்கும் ஒரு தடயமாகிறது.

ஏழு கோள்களும் ஒரு சோதனையும்

ட்ரப்பிஸ்ட்-1 என்ற மங்கலான சிறிய விண்மீன் சுமார் 40 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. மிக்கேல் கியோன் தலைமையிலான குழு 2017 பெப்ரவரியில் அதனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பதாக அறிவித்தது. ஏழாவது கோள் விண்மீனின் முன்னால் கடந்து சென்றதை அப்போது ஒரு தடவை மட்டுமே பார்த்திருந்தார்கள். ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சுற்றுக்காலம் சொல்ல முடியாது. ரொட்ரிகோ லூகரும் சக ஆய்வாளர்களும் மற்ற ஆறு கோள்களின் பரிவு ஒழுங்கை நீட்டிக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 18.77 நாட்கள் என்ற விடை கிடைத்தது. கெப்லர் விண்தொலைகாட்டியின் தரவுகளில் ஏழாவது கோள் அதே இடைவெளியில் கடந்து சென்றது பதிவாகியிருந்தது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. அளந்த பாதைகளைக் கணினியில் இட்டு ஓடவிட்டபோது, அரை மில்லியன் ஆண்டுகளுக்குள் கோள்கள் தடுமாறி ஒன்றோடொன்று மோதின. அந்த விண்மீனோ நமது ஞாயிற்றை விட வயது கூடியது என்று மதிப்பிடப்படுகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் அப்போது பணியாற்றிய டானியல் தமாயோவும் அவரது குழுவினரும் அதே ஆண்டில் இதற்கு விடை கண்டார்கள். கோள்களை இன்றைய இடங்களில் நேரடியாக வைக்காமல், தூரத்தில் வைத்து, வாயுத் தட்டு அவற்றை மெல்ல உள்ளே கொண்டுவருவதைக் கணினியில் நிகழ்த்தினார்கள். அப்படி வந்து சேர்ந்த கோள்களில் பெரும்பாலானவை கணினியை ஓடவிட்ட 50 மில்லியன் ஆண்டுகளும் நிலைத்து நின்றன. அளவீட்டில் உள்ள சிறு பிழைகளோடு பாதைகளை வெளியிலிருந்து பொருத்தும்போது நுண்ணிய இசைவு கெட்டுவிடுகிறது. நகர்ந்து வரும்போது அது தானாகவே அமைகிறது. கோள்கள் நகர்ந்து வந்தன என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

'ஏறக்குறைய' என்பது ஏன்?

தொடக்கத்தில் வகுத்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். அவை சரியாக 1.5 அல்ல, சற்றுக் கூடுதல். ட்ரப்பிஸ்ட்-1 இன் ஆறு விகிதங்களும் அப்படியே. அங்கே 1.5 ஆக இருக்க வேண்டிய மூன்றும் 1.506, 1.509, 1.519 என்று உள்ளன. ஒன்றுகூடக் குறைவாக இல்லை. 2009இல் ஏவப்பட்ட கெப்லர் கண்டுபிடித்த நூற்றுக்கணக்கான தொகுதிகளிலும் 3:2, 2:1 என்ற விகிதங்களுக்கு ஒன்றிரண்டு வீதம் வெளியே கோள் சோடிகள் குவிந்து காணப்படுகின்றன.

இதற்குப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, நமது கடலில் சந்திரன் உண்டாக்கும் வற்றுப்பெருக்கைப் போன்றது. விண்மீனின் ஈர்ப்பு அருகிலுள்ள கோளைப் பிசைந்து சூடாக்குகிறது. அந்த வெப்பம் சுற்றுப்பாதையின் சக்தியிலிருந்து போகிறது. சக்தி குறையும், ஆனால் மொத்தக் கோண உந்தம் குறையாது. இரண்டும் பொருந்த வேண்டுமானால் உட்கோள் சற்று உள்ளேயும் வெளிக்கோள் சற்று வெளியேயும் விலக வேண்டும். விகிதம் கூடும். வாயு கலைந்தபின் எஞ்சிய சிறு பாறைகளோடு கோள்கள் இழுபடுவதும் இதே விளைவைத் தரலாம்.

இப்படி விலகினாலும் பிணைப்பு அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வியாழனின் நிலாக்களில் இதனைச் சரிபார்க்கலாம். அயோ ஒரு நாளில் 203.489 பாகை நகர்கிறது. யூரோப்பா 101.375 பாகை. கனிமீட் 50.318 பாகை. அயோவுக்கும் யூரோப்பாவுக்கும் இடையிலான விகிதம் 2.007. சரியாக 2 இல்லை. ஆனால் அயோவின் எண்ணோடு கனிமீட்டின் இரு மடங்கைக் கூட்டுங்கள், 304.125 வரும். யூரோப்பாவின் மும்மடங்கும் 304.125. இரண்டிரண்டாகப் பார்த்தால் ஏறக்குறைய, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் துல்லியம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸின் பெயரால் இந்த உறவு அழைக்கப்படுகிறது. இதனால்தான் மூன்று நிலாக்களும் ஒருபோதும் வியாழனின் ஒரே பக்கத்தில் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை.

அறுந்த சங்கிலிகள்

எச்.டி. 110067, ட்ரப்பிஸ்ட்-1 போன்றவை அரிதானவை. கெப்லர் கண்ட அயற்கோள் சோடிகளில் பெரும்பாலானவை பரிவில் இல்லை. அப்படியானால் அவை இடம்பெயரவில்லையா?

அந்த முடிவுக்கு அவசரப்பட முடியாது. வாயு இருக்கும்வரை அது கோள்களின் பாதைகளைச் சீராக, வட்டமாக வைத்திருக்கும். வாயு கலைந்தபின் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பல கோள்கள் நெருக்கமாக நிற்கும் சங்கிலியில் சிறு குலைவுகள் வளர்ந்து, பாதைகள் குறுக்கிட்டு, கோள்கள் மோதி ஒன்றாகிவிடும். மிஞ்சியவை ஒழுங்கற்ற இடைவெளிகளில் நிற்கும். அந்திரே இசிதோரோவும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கணினி மாதிரிகள், உருவான சங்கிலிகளில் மிகப் பெரும்பாலானவை பின்னர் அறுந்தால்தான் இன்று காணப்படும் தொகுதிகளோடு கணக்குப் பொருந்தும் என்று காட்டின.

இது உண்மையானால் இளம் தொகுதிகளில் பரிவு அதிகமாகவும் முதிய தொகுதிகளில் குறைவாகவும் இருக்க வேண்டும். 2024இல் வெளியான ஆய்வொன்று தொகுதிகளை வயதுப்படி பிரித்துப் பார்த்தது. 100 மில்லியன் ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுடையவற்றில் பெரும்பாலான சோடிகள் பரிவுக்கு அருகில் இருந்தன. 1,000 மில்லியன் ஆண்டுகளைக் கடந்தவற்றில் அப்படி இருந்தவை சிறுபான்மையே.

ஆகவே சங்கிலி இருந்தால் அது பயணத்துக்குச் சாட்சி. சங்கிலி இல்லாததை வைத்து, பயணம் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. சாட்சி அழிந்திருக்கலாம்.

நமது ஞாயிற்றுத் தொகுதி

நமது வீட்டிலும் இடப்பெயர்வின் தடயம் உண்டு. 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனை விட ஞாயிற்றுக்கு அருகில் இருந்தது. ஞாயிற்றிலிருந்து பார்த்தால் அதன் தூரம் நெப்டியூனின் தூரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வரும். ஆனாலும் இரண்டும் மோதுவதில்லை. நெப்டியூன் மூன்று தடவை சுற்றும்போது புளூட்டோ இரண்டு தடவை சுற்றுகிறது. புளூட்டோ உள்ளே வரும் வேளைகளில் நெப்டியூன் எப்போதும் வேறு பக்கத்தில் இருக்கும்.

டெல்லி ஐஐடியில் பௌதிகவியல் படித்து அமெரிக்கா சென்ற ரேணு மல்கோத்ரா 1993இல் இதற்கு விளக்கம் தந்தார். இங்கே நகர்த்தியது வாயு அல்ல. தொகுதியின் வெளிப்புறத்தில் சிதறிக் கிடந்த பனிப்பாறைகளை நெப்டியூன் ஈர்த்து உள்நோக்கி எறிந்தது. வியாழன் அவற்றைப் பிடித்துத் தொகுதிக்கு வெளியே வீசியது. ஒவ்வொரு எறிதலுக்கும் எதிர்விளைவாக நெப்டியூன் சிறிது வெளியே நகர்ந்தது. நகர்ந்து வந்த அதன் 3:2 பரிவுப் புள்ளியில் புளூட்டோ சிக்கி, வெளியே தள்ளப்பட்டு, அதன் பாதை நீள்வட்டமானது. அது உண்மையானால் அதே பரிவில் வேறு பல சிறு பொருட்களும் சிக்கியிருக்க வேண்டும். அடுத்துவந்த ஆண்டுகளில் அப்படியானவை ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று அவற்றுக்குப் 'புளூட்டினோக்கள்' என்று பெயர்.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கும் ஒரு காலத்தில் பரிவுச் சங்கிலியில் இருந்து பின்னர் அறுந்து விலகின என்பதும் இன்று தீவிரமாக ஆராயப்படும் கருதுகோள். வானில் இதற்கு நிகரான காட்சி ஒன்றும் கிடைத்துள்ளது. பி.டி.எஸ். 70 என்ற இளம் விண்மீனின் தட்டுக்குள் இரண்டு பெரும் வாயுக்கோள்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. அவற்றின் சுற்றுக்காலங்கள் 2:1 என்ற விகிதத்துக்கு அருகில் உள்ளன. தட்டில் வாயு இன்னும் கலையவில்லை.

ஒரு கோள் எங்கே பிறந்தது என்பது அது எதனால் ஆனது என்பதையும் தீர்மானிக்கிறது. விண்மீனுக்குத் தொலைவில், நீர் பனியாக உறையும் எல்லைக்கு அப்பால் உருவான கோள், உள்ளே வரும்போது அந்த நீரையும் கொண்டு வரும். ட்ரப்பிஸ்ட்-1 இன் கோள்களின் அடர்த்தி, அதே அளவில் பூமியைப் போன்ற கலவையில் அமைந்த கோளுக்கு இருக்க வேண்டியதை விடச் சற்றுக் குறைவு. காரணம் நீராக இருக்கலாம், இரும்பு குறைவாக இருப்பதாகவும் இருக்கலாம். ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டி அந்தக் கோள்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகிறது. அங்கே நீர் இருக்கிறதா என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, அந்தக் கோள்கள் எங்கிருந்து வந்தன என்பதில் இருக்கிறது.